விளையாட்டுத் துறை இயக்குநர்: பழைய கோச்சா, கம்பெனித் தலைவரா?

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த நாற்காலி காலியானால் எழும் முதல் கேள்வி இது. வகைக்கொரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பேரி அல்வாரெஸ் (2004–2021), மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேவ் பிராண்டன் (2010–2014).

வந்த வழி: அல்வாரெஸ், ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற புத்தாண்டுப் போட்டியை 3 முறை வென்ற அமெரிக்கக் கால்பந்து கோச். பிராண்டன் டொமினோஸ் பீட்சாவின் தலைமை அதிகாரி. மாணவராக மிச்சிகன் கால்பந்து அணியில் இருந்தவரும்கூட, வெளியாள் என்று தள்ளிவிட முடியாது.

பணம்: இதில் கம்பெனிக்காரர் கைதான் ஓங்கும். நன்கொடை, ஸ்பான்சர், கட்டடம் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நெருக்கடி: 2012 டிசம்பரில் விஸ்கான்சின் கோச் அர்கான்சா பல்கலைக்கழகத்துக்குத் தாவிவிட்டார். ரோஸ் பவுலுக்குச் சில வாரங்களே பாக்கி. அல்வாரெஸ் தானே கோச்சின் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு களத்தோரம் நின்றார். ஸ்டான்ஃபோர்டிடம் 20–14 என்று தோற்றார்கள், சரி. ஆனால் அணி அநாதையாக நிற்கவில்லை. கம்பெனித் தலைவரால் இது முடியாது.

ரசிகர்கள்: பிராண்டன் சறுக்கியது இங்கேதான். மாணவர் டிக்கெட் விலை ஏறியது. 2014இல் 2 கோக் வாங்கினால் 2 டிக்கெட் என்றொரு சலுகை வந்து, வந்த வேகத்தில் நின்றது. லட்சம் பேர் அமரும் மைதானத்துக்கு இப்படியொரு கூவலா? மாணவர்கள் ஊர்வலமே போனார்கள். அக்டோபர் 31 அன்று அவர் விலகினார். அணி தோற்றுக்கொண்டிருந்ததும் காரணம்தான். ஜெயித்திருந்தால் கோக்கை யார் கண்டுகொண்டிருப்பார்கள்?

கஜானா காலி, ரசிகர் கூட்டமும் இனிமேல்தான் சேர வேண்டும் என்றால் கம்பெனி ஆள். பரம்பரை ரசிகர்கள் உள்ள இடத்துக்குக் கோச். கணக்குப் பார்க்க ஒரு கெட்டிக்காரத் துணை இயக்குநரையும் கூடவே போட்டுவிடுங்கள்.