எலி கேட்டவருக்குத் தெர்மோமீட்டர் விற்ற கடை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், படகுத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத் தொலைவில், டயர் கடை ஒன்றுக்கும் பூட்டிக் கிடக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, ஊர்வன வளர்ப்போருக்கான சிறு கடை இருக்கிறது. கூட்டம் சேர்வதை விரும்பாத அதன் உரிமையாளர் பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன். அந்த வட்டாரத்தில் பாம்பு வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். கடந்த எட்டு மாதங்களில் பதினான்கு முறை அங்கே சென்றிருக்கிறேன். முதல் முறை சென்றபோது நான் கேட்ட பொருளை அவர் விற்க மறுத்துவிட்டார்.

ஆயர் ஈத்தாமில் என் தம்பி வாடகைக்கு விட்டிருந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்து போனவர்கள், ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் அதற்குள் ஒரு பாம்பையும் விட்டுச் சென்றிருந்தார்கள். தீயணைப்புப் படையான பொம்பாவை அழைத்துவிடலாம் என்றுதான் தம்பி முதலில் சொன்னான். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும், அது நம்மூர்ச் சாக்கடைகளில் பிடிபடும் சாவா மலைப்பாம்பு அன்று, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைதான் என்னும் சிறிய மலைப்பாம்பு என்று தெரிந்தது. அதைக் காட்டில் விட்டால் காட்டுக்கும் கேடு, பாம்புக்கும் கேடு. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விவரத்தைத் தெரிவித்துத் தாள் வேலைகளை முடித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எடை 612 கிராம். முதுகெலும்பு கூரைமுகடு போல் துருத்திக்கொண்டிருந்தது. வயிற்றுப் பக்கம் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. அது எப்போது கடைசியாகத் தின்றது என்பதைச் சொல்ல யாரும் இல்லை.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். வாய்ப்புண் இல்லை, மூச்சில் இரைச்சல் இல்லை. நீர்ச்சத்துக் குறைவு மட்டும் தெளிவாகத் தெரிந்ததால், வெதுவெதுப்பான நீரில் ஆழமின்றிச் சிறிது நேரம் கிடத்தி எடுக்கச் சொன்னார். எடை 550 கிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே திரும்ப வர வேண்டும், அதுவரை வளர்ப்பு முறையைச் சரிசெய்யுங்கள் என்றார். இதற்கிடையே என் அத்தை ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்றார். பால் பைதான் என்று நான் தொலைபேசியில் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது, புற்றுக்குப் பால் வார்ப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, பாம்புக்குப் பால் செரிக்காது என்று விளக்கி அந்தப் பாலில் அவருக்கே கோப்பி கலக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் கடைக்குச் சென்று மூன்று உறைந்த சுண்டெலிகள் கேட்டேன். உரிமையாளர் உறைபெட்டியின் பக்கம்கூடத் திரும்பாமல், பெட்டிக்குள் வெப்பம் எத்தனை டிகிரி என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்போ எலி வாங்கி என்னக்கா பண்ணப் போறீங்க? முதல்ல இதை வாங்கிட்டுப் போங்க" என்று இரண்டு உணரிகள் கொண்ட தெர்மோமீட்டர் ஒன்றையும், சூடேற்றும் பாயைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றையும் மேசைமேல் வைத்தார். பினாங்கு வெயிலில் பாம்புக்குச் செயற்கைச் சூடு எதற்கு என்று எனக்குள் ஓர் ஏளனம் எழுந்ததை ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு அளந்து பார்த்தபோது, குளிர்சாதனம் ஓடும் என் அறையில் பெட்டியின் உட்புறம் 23 டிகிரியாக இருந்தது. உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிரினம், இரையைச் செரிக்கும் அளவுக்கு வெப்பம் கிடைக்காத இடத்தில் தின்ன மறுப்பதில் வியப்பில்லை; அது தன்னைக் காத்துக்கொள்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 32 டிகிரியாகவும் மறுபக்கம் 26 டிகிரியாகவும் இருக்கும்படி அமைக்க எனக்கு நான்கு நாள்கள் பிடித்தன. குளிர்சாதனம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால், தரையில் தேங்காய் நார்த்தூள் பரப்பி அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

கடையின் தரத்தை நான் எடைபோட்டது அடுத்த வருகையின்போது. பாம்பு ஒளிந்துகொள்வதற்காகப் பாறைக் குகை போல் வார்த்த ஒளிவிடம் ஒன்று 48 ரிங்கிட் விலையில் அலமாரியில் இருந்தது. இரண்டு வேண்டும் என்று எடுத்தேன். அவர் அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, குப்புறக் கவிழ்த்த சிறு பிளாஸ்டிக் பேசினில் வாசல் வெட்டினால் போதும், உடம்பு நாலா பக்கமும் சுவரில் உரசும்படி இறுக்கமாக இருப்பதே முக்கியம் என்றார். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் பாதுகாப்பா வெப்பமா என்று பாம்பு ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையிராது. பெட்டியின் மூன்று பக்கங்களையும் பழைய நாளிதழால் மறைக்கச் சொன்னார். அன்று அந்தக் கடையில் நான் செலவழித்தது நார்த்தூளுக்கான 12 ரிங்கிட் மட்டுமே.

பிறகு காத்திருப்பு. இரண்டு வாரங்களுக்குத் தொடக்கூடாது, தண்ணீர் மாற்றுவதற்கும் வாரம் ஒருமுறை எடை பார்ப்பதற்கும் தவிர மூடியைத் திறக்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளைகளின்மேல் அசையாமல் கிடக்கும் குழிவிரியன்களைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவள் என்பதால் பாம்பின் அசைவின்மை எனக்குப் புதிதன்று. ஆனால் அந்தப் பாம்புகளின் எடையை நான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. நீரேறியதில் 620 ஆன எடை, பிறகு 611, 604 என்று இறங்கியது. வாயைத் திறந்து எலியைத் திணித்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் முகம் மாறியது. அது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது, பயந்த பாம்பு தின்றதைக் கக்கிவிட்டால் இப்போது இருக்கும் நிலையைவிட மோசமாகும் என்றார். பால் பைதான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து மீள்வது வளர்ப்போர் பலருக்கும் தெரிந்த சங்கதி என்பதையும், மருத்துவர் சொன்ன 550 என்ற எண் நமக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

எலி விற்றபோதும் பெரியதாக விற்கவில்லை. இந்த எடையுள்ள பாம்பு வழக்கமாக 40 கிராம் இரையைத் தாராளமாக விழுங்கும் என்றாலும், நெடுநாள் காலியாக இருந்த வயிற்றுக்கு 15 கிராம் சுண்டெலியே போதும் என்று எடுத்துக் கொடுத்தார். முந்தைய இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை நீக்கி, பையிலிட்டு வெந்நீரில் சூடாக்கி, விளக்கணைத்த பின் நீண்ட இடுக்கியால் காட்ட வேண்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. முதல் மூன்று முறையும், பத்து நாள் இடைவெளியில், பாம்பு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பிறகு கண்கள் நீலம் பூத்துச் சட்டை உரிக்கத் தயாரானதால் நிறுத்தி வைத்தேன். சட்டை உரித்த பின் காட்டிய நான்காவது எலியும் விடியும்வரை ஒளிவிடத்து வாசலில் கிடந்து குப்பைக்குப் போனது.

இந்தத் தோல்வியைச் சொல்லப் போனபோது அவர் கேட்ட கேள்விதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. "ரோமம் ஈரமா இருந்துச்சாக்கா?" ஆம், நான் பயன்படுத்திய மெல்லிய பையில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் கசிந்து எலி நனைந்தே இருந்தது. நான்கு முறையும் அதைத் துணியால் ஒற்றியதோடு விட்டிருந்தேன். மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. நனைந்த ரோமம் நொடியில் ஆறிவிடும், ஆறிய பொருள் அதற்கு எலியாகவே தெரியாது. தலைமுடி உலர்த்தும் கருவியால் ரோமம் பொசுபொசுவென்று எழும்பும்வரை உலர்த்தி, கடைசியில் எலியின் தலைப்பகுதியை மட்டும் கூடுதலாகச் சூடேற்றச் சொன்னார். இதற்கு அவர் எதையும் விற்கவில்லை. கருவி என் மகளிடமே இருந்தது.

பத்தாவது வாரம், எடை 598. பேசின் வாசலுக்கு முன்னால் எலியைப் பிடித்தேன். நாக்கு இரண்டுமுறை மெதுவாக வெளியே வந்தது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. என் கை மரத்துப்போனது. கழுத்து மட்டும் எஸ் எழுத்தாக மடிவதைக் கண்டேன், அடுத்ததை நான் பார்க்கவில்லை, இடுக்கி கையிலிருந்து பிடுங்கப்பட்டதைத்தான் உணர்ந்தேன். ஏற்கெனவே செத்த எலியை இரண்டு சுருள் போட்டு நெரித்துக்கொண்டிருந்தது. பிடியைத் தளர்த்தி, மூக்கால் தடவி எலியின் தலையைத் தேடி, இடத்தாடை ஒரு எட்டு, வலத்தாடை ஒரு எட்டு என்று முன்னேறியது. வால் நுனி மறைந்த பிறகு ஒரு கொட்டாவி விட்டுத் தாடைகளைச் சரிசெய்துகொண்டது. மூன்று நாள்கள் நான் அந்த அறையில் காலை ஊன்றிக்கூட நடக்கவில்லை. கக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். உறைந்த எலிப் பொட்டலங்களில் தேதி இருப்பதில்லை. ஒருமுறை வாங்கிய பொட்டலத்தில் பனிப்படலம் தடித்திருந்தது. உறைநிலை நீங்கியதும் ஓர் எலியின் வயிறு பச்சை பாரித்து உடைந்தது. பேச்சின்றி மாற்றிக் கொடுத்தார் என்றாலும், நோயிலிருந்து மீளும் பாம்பின் வாயில் அது போயிருந்தால் என்னவாகியிருக்கும்? 15 கிராம் என்று எழுதிய பொட்டலத்தில் 12 முதல் 19 வரை இருந்தது. எனக்கு விற்ற தெர்மோஸ்டாட் உண்மையைவிட 2 டிகிரி குறைவாகக் காட்டியது. தனித் தெர்மோமீட்டரையும் வாங்க வைத்திருந்ததால்தான் அதைக் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை கடை திறக்குமா என்பது திங்கட்கிழமைதான் தெரியும்.

இவற்றைவிட என்னை உறுத்துவது, என் பாம்பின் வயிற்றைச் சுட்டிருக்கக்கூடிய அதே வகைச் சூட்டுக் கல் கீழ்த்தட்டில் இன்னும் விற்பனைக்கு இருப்பதுதான். கட்டுப்பாடில்லாமல் சூடேறும் அந்தக் கல்மேல் படுத்த பாம்பு, அடிவயிறு வேகும்வரை விலகாமல் கிடக்கக்கூடும். கேட்டதற்கு, சிலர் அடம்பிடித்துக் கேட்கிறார்கள் என்றார். எனக்கு எலி விற்க மறுத்தவருக்கு அவர்களுக்குக் கல் விற்க மறுக்கத் தெரியாதா என்று நேராகவே கேட்டேன், சிரித்து மழுப்பினார்.

விலை நியாயமானது. சுண்டெலி ஒன்று 3 ரிங்கிட் 50 சென். ரொக்கமோ கியூஆரோ மட்டும்; அட்டை இல்லை. தீவிலிருந்து படகில் வருபவர்கள் மூடி இறுகிய பனிப்பெட்டி கொண்டுவருவது நல்லது. என் பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை மீனா என்று விசாரித்தார், ஆம் என்று சொல்லிவிட்டேன். உயிருள்ள பாம்பு வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கடை ஏமாற்றம் தரும், அவர் பாம்பு விற்பதில்லை. கைவிடப்பட்ட ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பினாங்கில் கண்டதில்லை.

சென்ற சனிக்கிழமை எடை 790 என்றேன். தலையாட்டிவிட்டுப் பத்துப் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஏழில் கறுப்பு மையில் தேதி எழுதியிருந்தது. மற்ற மூன்றை நான் திருப்பிக் கொடுத்தேன்.