வளாகத்து மின்வெட்டுக்கு எது கைகொடுக்கும்: ஜெனரேட்டரா, பற்றரியா, கூரைச் சோலாரா?

2022 மார்ச் 31இல் இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரமாக நீண்டது. டொலர் இல்லாமல் அனல்மின் நிலையங்களுக்கு எரிபொருள் வராத அதே நாட்களில் எரிபொருள் நிரப்பு நிலையங்களிலும் டீசல் வற்றியது. ஜெனரேட்டரை மட்டும் நம்பும் வளாகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். 100 கேவிஏ இயந்திரம் முக்கால் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 16 லீற்றர் குடிக்கும். 13 மணி நேரத்துக்கு 200 லீற்றர் பரல் ஒன்று காணாது. அந்த இயந்திரத்தை நாலு விளக்குக்காக ஓடவிடுவது இன்னும் மோசம்: சுமை 30 வீதத்துக்குக் குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கரியும் எண்ணெயும் படியும்.

விரிவுரை மண்டபத்துக்குப் பற்றரிதான் சரி. 18 வாட் எல்ஈடி குழாய்கள் 20, மின்விசிறி 10, புரொஜெக்டர் ஒன்று: மொத்தம் சுமார் 1.4 கிலோவாட். நாலு மணி நேரத்துக்கு, இன்வேட்டர் இழப்பும் சேர்த்து, 6.2 அலகு (கிலோவாட் மணி) மின் வேண்டும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகவே 12 வோல்ட் 150 ஆம்பியர் மணிப் பற்றரிகள் எட்டு. லித்தியம் இரும்பு பொஸ்பேற் என்றால் 5 அலகுப் பெட்டிகள் இரண்டே போதும்.

விலையைப் பார்த்து ஈயத்தை வாங்குவோர் மறப்பது சார்ஜ் நேரத்தை. அது முழுதாக நிறைவதற்கு எட்டு மணி நேரமாவது ஆகும். ஒரு நாளில் இரண்டு வெட்டு விழுந்தால் இடைவெளி போதாது. அரைகுறையாக நிற்கும் தகடுகளில் சல்பேற் இறுகி, பற்றரி சீக்கிரமே செத்துவிடும். லித்தியம் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் ஈயம் மலிவே அல்ல.

ஆய்வுகூடத்து மைனஸ் 80 பாகை உறைபெட்டிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஜெனரேட்டர் வேண்டும். தொடங்கும் கணத்தில் அவை ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சிறிய இன்வேட்டர் அதிலேயே விழுந்துவிடும்.

சோலார்? 2025 பெப்ரவரி 9இல், வெயில் ஏறிய முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். பொது மின் வலையமைப்போடு மட்டும் இணைத்த கூரைச் சோலாரும் கூடவே நின்றது. கம்பியில் வேலை செய்பவரைக் காக்க, வெளி மின் போனதும் அது தானே அணையும்படிதான் செய்திருக்கிறார்கள். பற்றரியும், அதையும் சோலாரையும் சேர்த்து இயக்கும் ஹைபிரிட் இன்வேட்டரும் இருந்தால் வெட்டு நேரத்தில் பயன். சோலாரை ஜெனரேட்டரோடு இணைப்பதானால் சோலார் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் கருவி கட்டாயம்; இல்லாவிட்டால் சுமை குறைந்த நேரத்தில் சோலார் மின் பின்னோக்கி ஜெனரேட்டருக்குள் பாயும்.