இராணுவச் சட்டத்தின் முன்னறிகுறிகள்: எந்த அரசு ஆவணத்தைக் கண்காணிப்பது?

ஒரு நாட்டில் இராணுவச் சட்டம், அதாவது குடிமை நிர்வாகத்தின் அதிகாரம் படைகளின் கைக்குப் போகும் நிலை, பிறப்பிக்கப்படுவதற்கு முன்பே அதன் தடயங்கள் அரசின் சொந்த ஆவணங்களில் தென்படுமா என்று கேட்டால், தென்படும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எல்லா ஆவணங்களிலும் ஒரே அளவில் தென்படுவதில்லை. அரசிதழ், உயர் பதவி நியமன ஆணைகள், நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், நிதி மற்றும் கொள்முதல் ஆவணங்கள் ஆகிய நான்கையும் பொதுமக்கள் பெரும்பாலான ஜனநாயக நாடுகளில் பார்க்க முடியும். நேரமும் ஆளும் குறைவாக உள்ள ஒரு குடிமக்கள் குழுவோ பத்திரிகையாளரோ இவற்றில் எதை நம்பிக் கண்விழிக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் எல்லோரும் நாடுவது அரசிதழைத்தான். அது அதிகாரபூர்வமானது, தேதியிட்டது, இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைப்பது. அமெரிக்காவின் ஃபெடரல் ரெஜிஸ்டர் 1936 முதல் வேலை நாள்தோறும் வெளிவருகிறது. அதிபரின் பிரகடனங்களும் செயலாணைகளும் அதில் இடம்பெற்றே ஆக வேண்டும். பொறுமையாகப் படிப்பவருக்கு அதில் கிடைப்பது என்ன என்பதற்கு, 2025 ஜனவரி 20 அன்று தெற்கு எல்லையில் தேசிய அவசரநிலையை அறிவித்த பிரகடனம் நல்ல சான்று. தலைப்பில் எல்லை மட்டுமே பேசப்படுகிறது. உள்ளே, வாசகர்கள் வழக்கமாகக் கடந்துபோகும் அறிக்கை சமர்ப்பிப்புப் பிரிவில், பாதுகாப்புத் துறை அமைச்சரும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைச்சரும் 90 நாட்களுக்குள் கூட்டறிக்கை தர வேண்டும் என்றும், உள்நாட்டில் படைகளை இறக்க அதிபருக்கு அதிகாரம் தரும் 1807ஆம் ஆண்டின் கிளர்ச்சிச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்ற பரிந்துரையும் அதில் அடங்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அந்த வரியைத் தவறவிட்டார்கள். அந்த வரியை மட்டும் பார்த்தவர்களோ, 90 நாள் முடியும் ஏப்ரல் 20 அன்று இராணுவச் சட்டம் வந்துவிடும் என்று சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். அப்படி எதுவும் வரவில்லை. ஆவணம் கேட்டது ஓர் அறிக்கையை மட்டுமே. மேலும், கிளர்ச்சிச் சட்டத்தின் கீழ் படைகள் குடிமை நிர்வாகத்துக்கு உதவியாக இறங்கினாலும் நீதிமன்றங்கள் வழக்கம்போல் இயங்கும். அதை இராணுவச் சட்டத்தோடு ஒன்றாக்குவது பிழை.

அரசிதழின் பெரிய குறை, பிரகடனம் என்ற அந்த ஒரு தாளைப் பொறுத்தவரை அது எப்போதும் பின்தங்கி வருவதுதான். தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 அன்று இரவு சுமார் பத்தரை மணிக்கு அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றினார். 11 மணிக்கு இராணுவச் சட்டத் தலைமையகத்தின் முதல் ஆணை அமலுக்கு வந்துவிட்டது. தாய்லாந்தில் 1914ஆம் ஆண்டின் சட்டப்படி இராணுவத் தளபதியே நேரடியாக அறிவிக்க முடியும் என்பதால், 2014 மே 20 அன்று அதிகாலையில் அறிவிப்பு வந்தபோது அமைச்சரவையின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு எதுவும் கிடைத்திருக்காது. பிலிப்பைன்ஸின் நிலை இன்னும் மோசம். இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்த 1081ஆம் எண் பிரகடனம் 1972 செப்டம்பர் 21 தேதியைத் தாங்கியிருந்தாலும் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது செப்டம்பர் 23 அன்றுதான். அதன்பின் அதிபர் மார்கோஸ் பிறப்பித்த ஆணைகளில் பல அரசிதழில் வெளியிடப்படவே இல்லை. வெளியிடாத ஆணை மக்களைக் கட்டுப்படுத்தாது என்று டன்யாடா எதிர் டுவேரா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே அரசிதழில் தேட வேண்டியது பிரகடனத்தை அல்ல, அதற்கு முந்தைய படிகளை. 1971 ஆகஸ்டில் மணிலாவின் பிளாசா மிராண்டா குண்டுவெடிப்புக்குப் பிறகு மார்கோஸ் 889ஆம் எண் பிரகடனத்தின் மூலம் ஆட்கொணர்வு உரிமையை (காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் உரிமையை) நிறுத்திவைத்தார். சில மாதங்களில் அது மீட்கப்பட்டாலும், நீதிமன்றத்தின் கையைக் கட்டிப் பார்க்கும் ஒத்திகை எழுத்தில் நடந்து முடிந்திருந்தது. இராணுவச் சட்டம் வந்தது அதற்குப் பதின்மூன்று மாதங்கள் கழித்து.

நியமன ஆணைகளுக்கு இவ்வளவு பேர் காத்திருப்பதில்லை. ஆனால் நான்கிலும் மதிப்புமிக்கவை அவைதான் என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளியது. கையெழுத்தைக் கடைசி நிமிடத்தில் போடலாம். கீழ்ப்படியும் தளபதிகளைக் கடைசி நிமிடத்தில் உருவாக்க முடியாது. போலந்தைப் பாருங்கள். 1968 முதல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி 1981 பிப்ரவரியில் பிரதமரானார்; அக்டோபரில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளரும் ஆனார். படை, அரசு, கட்சி ஆகிய மூன்றின் தலைமையும் ஒரே ஆளிடம் சேர்ந்தன, அதுவும் ஒளிவுமறைவின்றி அதிகாரபூர்வ அறிவிப்புகளாகவே. அதே அக்டோபரில், பணி முடிந்து வீடு திரும்ப வேண்டிய கட்டாயப் படைவீரர்களின் சேவைக்காலம் இரண்டு மாதங்கள் நீட்டிக்கப்பட்டது. டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்தபோது அந்த வீரர்கள் இன்னும் சீருடையில் இருந்தார்கள். மக்களுக்கான அறிவிப்புச் சுவரொட்டிகள் சோவியத் ஒன்றியத்தில் இரகசியமாக அச்சடிக்கப்பட்டிருந்தன. அதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. சேவைக்கால நீட்டிப்பை யாரும் மறைக்கவில்லை.

தென் கொரியாவிலும் இதே வடிவம்தான். அதிபரின் பாதுகாவல் பிரிவுக்குத் தலைவராக இருந்த கிம் யோங் ஹியுன் 2024 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சரானார். அவரும் இராணுவ எதிர்உளவுப் பிரிவின் தளபதியும் அதிபர் படித்த அதே உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள். மூன்று மாதங்களில் என்ன நடந்தது என்பது உலகம் அறிந்தது. இந்த வகை ஆவணத்தில் ஒரு சிக்கலும் உண்டு: இடமாற்றங்கள் ஆண்டுதோறும் நடப்பவை, அவற்றில் பெரும்பாலானவை வழக்கமானவை. எனவே வழக்கமான மாற்றங்கள் எந்த மாதத்தில் வரும் என்பதை முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பருவம் தப்பி வரும் மாற்றம், தலைநகரைச் சுற்றியுள்ள படைப்பிரிவுகளின் தலைமை மாற்றம், தலைவரின் தனிப்பட்ட பாதுகாவலர் படைத்துறைத் தலைமைக்கு வருவது ஆகியவற்றைத் தனியே குறித்து வைக்க வேண்டும். யார் வந்தார் என்பதைவிட யார் அகற்றப்பட்டார், அவர் எந்த உத்தரவுக்கு மறுப்புச் சொல்லியிருந்தார் என்பது சில சமயம் அதிகம் பேசும்.

நாடாளுமன்றக் குறிப்புகளை நியமன ஆணைகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அவற்றின் பலன் முழுமையாகக் கிடைக்கிறது. கிம்மின் நியமனத்துக்கான விசாரணையிலேயே எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இராணுவச் சட்டம் பற்றிய ஐயத்தை வெளிப்படையாக எழுப்பினார்கள்; அவர் மறுத்தார், ஆளும் தரப்பு அதைக் கட்டுக்கதை என்றது. மணிலாவில் செனட்டர் பெனினோ அக்கினோ, தலைநகரை இராணுவக் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் ‘சஜிட்டேரியஸ்’ என்ற திட்டத்தை 1972 செப்டம்பர் 13 அன்று அம்பலப்படுத்தினார். பிரகடனத்தின் தேதிக்கு எட்டு நாள் முன்னதாக! அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் சர்வாதிகாரி என்று சாடுவது எந்த நாட்டிலும் அன்றாடம் நடப்பதால், வெறும் குற்றச்சாட்டையும் தகவலையும் பிரிக்க ஒரு சல்லடை தேவை. திட்டத்தின் பெயர், படைப்பிரிவு, இடம், தேதி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது பேச்சில் இருந்தால் அதைத் தொடர்ந்து துருவலாம், இல்லையென்றால் கடந்துவிடலாம்.

இங்கே கசிந்த ஆவணங்களையும் ஒதுக்க முடியாது. 2017இல் கொரியாவின் இராணுவப் பாதுகாப்புப் பிரிவு தயாரித்த இராணுவச் சட்ட ஆய்வுத் தாள் 2018இல் வெளியானபோது, அதன் 67 பக்க இணைப்பில், சட்டத்தை நீக்கக் கோரும் வாக்கெடுப்பை நாடாளுமன்றம் நடத்தவிடாமல் தடுப்பதற்கான வழிகளும் இருந்தன. அரசமைப்புச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கோரினால் அதிபர் நீக்கியே ஆக வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். 2024இல் படைகள் நேராக நாடாளுமன்றத்துக்கே சென்றன. எங்கே போய் நிற்க வேண்டும் என்பது உறுப்பினர்களுக்கும் தெரிந்திருந்ததால், சிலர் சுவரேறிக் குதித்து உள்ளே நுழைந்தார்கள். நள்ளிரவு ஒரு மணி அளவில் 190 பேர் ஒருமனதாக வாக்களித்தார்கள்.

நிதி மற்றும் கொள்முதல் ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலகத் தடுப்புக் கவசங்கள், கண்ணீர்ப்புகைக் குண்டுகள், பயிற்சி முகாம்கள் என எல்லா அரசுகளும் எல்லாக் காலங்களிலும் வாங்குபவையும் நடத்துபவையும் இந்தத் தாள்களில் நிறைந்திருக்கும். 2015இல் அமெரிக்கத் தென்மேற்கு மாநிலங்களில் நடந்த ‘ஜேட் ஹெல்ம் 15’ பயிற்சியின் வரைபடம் ஒன்றில் டெக்சாஸ் ‘பகை’ப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டு, இராணுவச் சட்டம் வரப்போகிறது என்ற பீதி பரவியது, பயிற்சியைக் கவனிக்குமாறு மாநிலக் காவற்படைக்கு ஆளுநரே உத்தரவிட்டார். பயிற்சி செப்டம்பரில் முடிந்தது, படைகள் திரும்பின. இப்படிப்பட்ட பொய் எச்சரிக்கைகள் உண்மையான எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கும் பொறுமையை மக்களிடமிருந்து பறித்துவிடுகின்றன. அதனால் இந்த நான்காம் வகையை, மற்ற மூன்றில் ஏதேனும் தென்பட்ட பிறகு உறுதிப்படுத்துவதற்கு மட்டுமே நான் பயன்படுத்துவேன்.

தானியங்கித் தேடலா, ஆள் வைத்துப் படிப்பதா என்பது அடுத்த போட்டி. ‘இராணுவச் சட்டம்’ என்ற சொல்லுக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை அமைத்தால் நினைவுநாள் தீர்மானங்களும் பழைய வழக்குகளும் வந்து குவியும். மேலே சொன்ன எல்லைப் பிரகடனத்தின் வரியோ அந்தச் சொல்லில் சிக்காது. சட்டங்களின் பெயர்கள், ‘ஆட்கொணர்வு’, ‘சேவைக்கால நீட்டிப்பு’, ‘நாட்களுக்குள் அறிக்கை’ போன்றவற்றைத் தேடுசொற்களாக வைத்து, சிக்கியதை ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதே சரியான பிரிவினை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் இருக்குமானால், அரசிதழைத் தேடுபொறியிடம் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தை நியமனங்களுக்கும் மீதியை அவைக்குறிப்புகளுக்கும் ஒதுக்கலாம்.

ஒரு தாள் இல்லாமல் போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிசம்பர் 3 இரவு சியோலில் நடந்த அமைச்சரவைக் கூட்டம் சில நிமிடங்களே நீடித்தது. முறையான கூட்டக் குறிப்பு இல்லை, பிரகடனத்தில் பிரதமரின் இணைக் கையொப்பமும் இல்லை. 2025 ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவி நீக்கியபோது, இந்த நடைமுறை மீறல்களும் தீர்ப்பில் இடம்பெற்றன. வழக்கமாக வெளியாகும் கூட்டக் குறிப்பு திடீரென வராமல் போனாலும், நேற்று இருந்த பக்கம் இன்று இணையதளத்தில் காணாமல் போனாலும், அந்த நாளையும் நேரத்தையும் குறித்து, கையிலிருக்கும் பழைய பிரதியை வேறோர் இடத்திலும் சேமித்து வைக்க வேண்டும்.