பழைய சன் ஃபிலிமை உரிக்க ஹேர் டிரையரா, சோப்புத் தண்ணீரா?

மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டிய மலிவான சன் ஃபிலிம் சில வருடங்களில் ஊதா நிறமாகி, கொப்புளம் விட்டு நிற்கும். வெயிலில் சாயம் வெளுத்து, பசையின் பிடி போய்விட்டது என்று அர்த்தம்.

ஹேர் டிரையரை ஒரு மூலையில் காட்டினால் பசை இளகும். நகத்தால் முனையைக் கிளப்பி, சூடு காட்டிக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். பொறுமை இருந்தால் பசையும் பெரும்பாலும் ஃபிலிமோடு சேர்ந்தே வரும். இந்த முறையின் பெரிய லாபமே அதுதான். வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் கிழியும், பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, கண்ணாடி விரிசல் விடலாம். ஏற்கெனவே கீறல் விழுந்த கண்ணாடி என்றால் டிரையர் பக்கமே போகாதீர்கள்.

சோப்புத் தண்ணீருக்குச் செலவே இல்லை. ஆனால் ஃபிலிம் பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக். தண்ணீர் அதற்குள் இறங்காது. மேல் தாள் உரிந்தபின் மிஞ்சும் பசையில்தான் இதன் வேலை. தாராளமாகத் தெளித்து, மேலே பிளாஸ்டிக் கவரை ஒட்டி அரை மணி நேரம் ஊறவிட்டால் பசை கொழகொழவென்று ஆகும். அப்புறம் ஈரம் காய்வதற்குள் புது பிளேடால் ஒரே திசையில் வழிக்கலாம். டஃபன்டு கண்ணாடியில் (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) பிளேடு கோடு போடக்கூடும். அங்கே பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்தான் சரி.

என் ஓட்டு டிரையருக்கே. கை வலிக்கும், கரண்ட் பில்லும் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. சோப்புத் தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும், ஓரங்களில் மிஞ்சும் பசைக்கு.