ஏபிஐ நன்னீர்ச் சோதனைப் பெட்டி: தோட்டப்புற வீட்டுக்கு வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மீன் தொட்டி பராமரிப்பு என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கண்ணாடியைத் தேய்த்து, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கசக்கிப் பிழிவது என்றே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தொட்டி பளிச்சென்று ஆகிறது. அந்த வாரத்துக்குள்ளேயே இரண்டு மீன்கள் மிதக்கின்றன. பழி மீன் விற்றவர் தலையில் விழுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன என்பதையும், குழாய் நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும் என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும். மாற்றும் நீரில் குளோரினை நீக்கும் மருந்தைச் சில சொட்டு விட வேண்டும்.

தண்ணீரின் தெளிவை வைத்து அதன் நலத்தைக் கணிக்க முடியாது. அதனால்தான் தொட்டி நீரைச் சோதிக்க ஏபிஐ நிறுவனம் விற்கும் நன்னீர்ச் சோதனைப் பெட்டியை ஆடம்பரமாக நான் கருதவில்லை. விலை நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும். இரண்டு வெள்ளிக்குக் கப்பி மீன் வாங்குகிறவருக்கு இது அதிகமாகத் தோன்றுவது நியாயமே. பெட்டியில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஆகியவற்றைப் பார்ப்பதற்கான சொட்டு மருந்துப் புட்டிகளும், மூடியுள்ள கண்ணாடிக் குழாய்களும், நிற அட்டையும் உள்ளன. மொத்தம் 800 சோதனைக்கு மேல் செய்யலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனால் நைட்ரேட் சோதனை ஒவ்வொன்றுக்கும் இரு புட்டிகளிலிருந்தும் பத்துப் பத்துச் சொட்டு செலவாவதால் அந்தப் புட்டிகள்தாம் முதலில் தீரும். அவற்றைத் தனியாகவும் வாங்கலாம்.

அம்மோனியா சோதனை எளிது. குழாயில் 5 மில்லி தொட்டி நீரை எடுத்து, முதல் புட்டியில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தால் போதும். மஞ்சள் நிறமாகவே இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை தட்டத் தொடங்கினால் அன்றைக்குத் தீனியை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் தொட்டி, கூழாங்கல், மீன் எல்லாவற்றையும் ஒரே இரவில் வாங்கி வந்து நிரப்புகிறவர்களுக்கு இந்தப் புட்டி மிக அவசியம், ஏனெனில் புதுத் தொட்டியில் பாக்டீரியா போதிய அளவு பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை முதலில் அம்மோனியாவும் பிறகு நைட்ரைட்டும் ஏறி இறங்கும். நைட்ரைட் சோதனை ஐந்து சொட்டு வேலை: வான நீலம் என்றால் நல்லது, ஊதா என்றால் ஆபத்து.

இந்தப் பெட்டியைப் பற்றிய புகார்களில் பாதி, நைட்ரேட் சோதனையை அவசரமாகச் செய்வதால் வருகிறது என்பது என் எண்ணம். இரண்டாவது நைட்ரேட் புட்டியில் உள்ள பொருள் அடியில் படிந்து இறுகிவிடும். சொட்டு விடுவதற்கு முன் அந்தப் புட்டியை முப்பது விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். நெடுநாள் தொடாமல் வைத்திருந்தால் மேசை விளிம்பில் லேசாகத் தட்டிவிட்டுக் குலுக்குவது இன்னும் நல்லது. சொட்டு விட்ட பிறகு குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இதில் எதைக் குறைத்தாலும் நைட்ரேட் மட்டம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், நாமும் தண்ணீர் மாற்றத் தேவையில்லை என்று இருந்துவிடுவோம். நிற அட்டையும் குறையற்றதன்று. 40 எது, 80 எது என்று அந்தச் சிவப்புகளைப் பிரித்தறிவது கடினம், மஞ்சள் விளக்கின் கீழ் இயலவே இயலாது. வாசலில் பகல் வெளிச்சத்தில், அட்டையின் வெள்ளைப் பகுதியில் குழாயை ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அந்த எண் கிடைத்துவிட்டால் தண்ணீர் மாற்றுவது ஊகமாக இருக்காது. நைட்ரேட் 40 காட்டும் தொட்டியில் பாதி நீரை மாற்றினால், குழாய் நீரில் நைட்ரேட் இல்லாத பட்சத்தில் அது 20க்கு இறங்கும். கால் பங்கு மாற்றினால் 30 ஆகும். வாரந்தோறும் கால் பங்கு என்ற பொது விதி நம் தொட்டிக்குப் போதுமா, மீன் கூட்டம் அதிகமா, தீனி அதிகமா என்பதெல்லாம் சில வாரங்களில் தெரிந்துவிடும். தீனிதான் அதிகம் என்பது பல வீடுகளில் விடையாக இருக்கும். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை போடாமல் போவதில்லை.

இந்தப் பெட்டியின் பெரிய குறை, கேஹெச் எனப்படும் கார்பனேட் கடினத்தன்மைக்கான புட்டி இதில் இல்லாதது. நம் வட்டாரத்தில் இது சிறிய குறையன்று. மழைநீரைப் பீப்பாயில் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றுகிற வீடுகள் இங்கு உண்டு. அமிலத்தைத் தாங்கிப் பிஹெச்சை நிலையாக வைப்பது கார்பனேட்தான், மழைநீரில் அது ஏறத்தாழ இல்லை. பாக்டீரியாவின் வேலையில் உண்டாகும் அமிலம் இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிட்டால் பிஹெச் சரிகிறது, பாக்டீரியாவும் சோர்ந்துவிடுகிறது. பெட்டியின் சாதாரண பிஹெச் அட்டை 6.0 முதல் 7.6 வரைதான் காட்டும் என்பதால், 6.0 என்று தெரிகிற நீர் உண்மையில் அதற்கும் கீழே இருக்கலாம். அத்தகைய நீரில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கும். பிஹெச் ஒரு புள்ளி ஏறினால் நச்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே பிஹெச் கூடிய குழாய் நீரை ஒரே மூச்சில் நிறைய ஊற்றும்போது, மீதமுள்ள அம்மோனியாவே நஞ்சாக மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சுத்தத்துக்குப் பின் மீன் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏபிஐ கேஹெச் சோதனையைத் தனியாக விற்கிறது. நீலம் மஞ்சளாக மாறும் வரை சொட்டுகளை எண்ணினால் அதுவே அளவு. ஒன்றிரண்டு சொட்டில் மாறிவிட்டால், வடிகட்டிக்குள் ஒரு சிறு துணிப்பையில், கார்பனேட்டை மெல்லக் கரையவிடும் பவளத் துண்டுகளை வைத்துவிடலாம். தோய்த்துப் பார்க்கும் காகிதப் பட்டைகளில் கேஹெச் உண்டே என்பார்கள். ஏபிஐயின் ஐந்து சோதனைப் பட்டையில் அம்மோனியா இல்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் சொட்டு மருந்தையே வாங்குவேன்.

இன்னொன்றையும் இந்தப் பெட்டியிடம் எதிர்பார்க்கக் கூடாது. டிங்கிக் காய்ச்சல் பரவும் காலத்தில் அடிக்கப்படும் கொசுப் புகையில் பைரெத்ராய்டு வகை மருந்து இருந்தால், அது மீனுக்குக் கொடிய நஞ்சு. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று எல்லாம் சரியாகக் காட்டும், மீனோ துடித்துக்கொண்டிருக்கும். புகை அடிக்கும்போது தொட்டியை ஈரத்துணியால் மூடி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் காற்றுப் பம்பை நிறுத்திவிட்டு, புகை கலைந்ததும் மறக்காமல் மீண்டும் ஓடவிட வேண்டும்.

புட்டிகளில் அமிலமும் காரமும் உள்ளன. சோதித்த நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. பெட்டி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வாங்கும்போது புட்டியில் உள்ள லாட் எண்ணின் (தயாரிப்புத் தொகுதி எண்) கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். அவை தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும். சிற்றூர்க் கடைகளில் இத்தகைய பொருள் மெதுவாகவே விற்கும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த பெட்டியை விலை குறைத்துத் தந்தாலும் நான் எடுக்க மாட்டேன். ஒரே வீட்டுக்கு இவ்வளவு மருந்து அதிகம் என்று தோன்றினால், பக்கத்து வீட்டுக்காரருடன் பங்கு போட்டு வாங்குவதே நல்ல யோசனை. மருந்து பழசாவதற்குள் செலவாகிவிடும்.