பழைய கணினியில் எஸ்எஸ்டி: கடற்காற்றில் 3 ஆண்டுப் பயன்பாடு

மூன்றாம் தலைமுறை ஐ3 சிபியு, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய பல வீட்டுக் கணினிகளுக்குள் இருப்பது இதுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். சிபியு 10, 15 சதவீதத்தில் சும்மா கிடக்கும். அதாவது தாமதம் டிஸ்கில்தான். இதை முழுக் கணினிக்கும் வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடுவது பெரிய நஷ்டம்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதில், சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டபின் 3 நிமிடத்துக்கு மேல் பிடித்த விண்டோஸ் 30 விநாடியில் திறக்கிறது. 3 ஆண்டு கழிந்தும் அந்த வேகம் குறையவில்லை. எச்61 போர்டில் டிஸ்கை இணைக்க இருப்பது பழைய சாட்டா 2 மட்டும். பெட்டியில் விநாடிக்கு 550 எம்பி என்று போட்டிருந்தாலும் 270 அளவில்தான் கிடைக்கும். அதனால் விலை கூடிய எஸ்எஸ்டி வேண்டாம். வேகம் வருவது வேறு வழியில்: ஒவ்வொரு சிறு கோப்பையும் தேட ஹார்ட் டிஸ்கின் ஹெட் 10 மில்லி விநாடிக்கு மேல் அலையும், எஸ்எஸ்டிக்கு 0.1 போதும்.

மாற்றுமுன், டிஸ்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பழைய டிஸ்கைப் பாருங்கள். சி5, அதாவது படிக்கத் திணறும் பகுதிகளின் எண்ணிக்கை, பூஜ்யம் இல்லையென்றால் குளோன் (அப்படியே நகல்) செய்ய முயலாமல், முதலில் படங்களையும் ஆவணங்களையும் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) டிஸ்க் இயங்கும் முறை ஐடிஇ என்றிருப்பதை ஏஎச்சிஐ ஆக்குவதும் நிறுவலுக்கு முன்பே. பிறகு மாற்றினால் நீலத்திரையில் நின்றுவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது அதே மென்பொருள் காட்டும் சி7, அதாவது கேபிளில் நேர்ந்த தகவல் பிழைகளின் எண்ணிக்கை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்று. திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ஈரம். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. சாட்டா கேபிளின் முனை மெல்ல அரிக்கும். தகவல் பிழையாகப் போய் மறுபடி மறுபடி அனுப்பப்படும். புது எஸ்எஸ்டியே மெதுவாகிவிட்டது போலத் தோன்றும். சி7 எண் நாளுக்கு நாள் ஏறினால் குற்றம் டிஸ்கில் இருக்க வாய்ப்புக் குறைவு, கேபிளை மாற்றுங்கள். எண் பழையபடி குறையாது. ஏறுவது நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள். இது தெரியாமல் நல்ல எஸ்எஸ்டியைக் கழற்றி எறிகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ரேமுக்கும் இதே நோய். ஆன் செய்தால் பீப் ஒலி மட்டும் வந்து திரை வராவிட்டால், ரேமைக் கழற்றித் தங்கநிறப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் பொருத்துங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தச் சூட்டில் ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே அடைத்துவைப்பது. பருத்தித் துணி போதும்.

4 ஜிபியோடு இன்னொரு 4 சேர்த்தால் பிரவுசர் திணறாது. இந்த போர்டுக்குப் பழைய டிடிஆர்3 வகை ரேமே போதும். வாங்கியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு ஓடவிடுங்கள், பிழை ஒன்று வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். தேதி தானாகப் பின்னால் போய், எந்த இணையதளமும் பாதுகாப்பற்றது என்று காட்டினால் போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் தீரும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த சிபியுவை ஏற்காது. விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இதில் நன்றாக ஓடுகிறது, தமிழ்99 தட்டச்சும் உண்டு. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவைப்படுவோருக்கு மட்டும் சிரமம்.

ஐப்பசி இடிக்கு பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது. ஆனால் மின்னலின் மின்சாரம் மோடத்தின் அடாப்டர் வழியே ஏறி லேனில் இறங்கும்.

போர்டில் சிறு உருளை போன்ற கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் அதற்குமேல் செலவு செய்யாதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றிவைத்தால் அடுத்த கணினிக்கு ஆகும். டிடிஆர்3 ரேம் புது போர்டில் பொருந்தாது.