மூன்றாண்டுத் திட்டமா, நிரந்தர நிலையமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வேளாண் ஆராய்ச்சிக்கு எந்த வழியில் பணம் வர வேண்டும்

வேளாண் ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்கலாமா என்பது முடிந்துபோன விவாதம். வேளாண் ஆராய்ச்சியிலும் கல்வியிலும் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 13 ரூபாய் 85 காசு பலன் கிடைக்கிறது என்று மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே கூறுகிறது. அப்படியிருந்தும் வேளாண் துறையின் உற்பத்தி மதிப்பில் அரை விழுக்காடுகூட ஆராய்ச்சிக்குப் போவதில்லை. கிடைக்கிற கொஞ்சப் பணத்தை எந்த வழியில் கொடுத்தால் நிலத்துக்கு வந்து சேரும் என்பதே இப்போது பேச வேண்டியது. அதை எடைபோடத் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் வழியிலிருந்து தொடங்குகிறேன். 2004-05இல் தமிழக அரசு துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. களம் இந்த இரண்டு மாவட்டங்கள். மூன்று ஆண்டுகள், 400 ஹெக்டேர், 7.20 கோடி ரூபாய். முதல் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு முழு மானியம். அடுத்த ஆண்டில் 90 விழுக்காடு. மூன்றாம் ஆண்டில் 80. உளிக்கலப்பையால் அடிமண்ணின் இறுக்கத்தை உடைப்பது, நிழல்வலைக் குடிலில் குழித்தட்டு நாற்று வளர்ப்பது, சொட்டுநீர்க் குழாய் வழியே நீரில் கரையும் உரத்தை அளந்து விடுவது என்று ஒவ்வொன்றையும் விஞ்ஞானிகள் வயலுக்கே வந்து செய்துகாட்டினார்கள். விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து, சங்கமாகப் பதிவுசெய்ய வைத்தார்கள். குழாய் புதிதல்ல, கரையும் உரமும் புதிதல்ல. இவற்றையெல்லாம் ஒரே தொகுப்பாக்கி, விவசாயியின் சொந்த நிலத்தில் அறுவடை வரை கூடவே நின்றதுதான் புதிது.

பலன் கண்கூடு. தருமபுரி மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வின்படி, துல்லியப் பண்ணையத்தில் தக்காளி விளைச்சல் 80 விழுக்காடும் கத்தரி விளைச்சல் 34 விழுக்காடும் கூடியிருந்தன. செலவு போக நின்ற தொகை தக்காளியில் 165 விழுக்காடு, கத்தரியில் 67 விழுக்காடு உயர்ந்திருந்தது. 7.20 கோடிக்கு இது பெரிய காரியம். குழித்தட்டு நாற்று இன்று இந்தப் பகுதியில் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. துல்லியப் பண்ணையத்துக்கு மாறாதவர்களுக்கு முதல் தடையாக இருந்தவை பணமும் கடன் வசதியும். மானியம் குறையக் குறைய யார் உள்ளே வர முடியும், யார் வெளியே நிற்பார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் உள்ளவருக்குத்தான் சொட்டுநீர். அந்தத் தண்ணீரும் இங்கே பல ஊர்களில் உப்பு மிகுந்தது. பக்கக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தால் சொட்டுவானின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அமிலம் விட்டு அலசாவிட்டால் வரிசையில் நாலு செடிக்கு ஒரு செடி வாடும். எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு அமிலம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விகள் நாலாம் ஆண்டில்தான் முளைக்கின்றன. மூன்றாண்டுத் திட்டத்தில் நாலாம் ஆண்டுக்கு நிதித் தலைப்பே கிடையாது. விளைச்சல் கூடியதால் மட்டும் பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளில் தக்காளி விலை நிலையாகிவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, யாரும் மேடையில் பேசாத நிரந்தர நிலையம். காவேரிப்பட்டணத்துக்கு அருகே பையூரில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொள்ளு, ராகி, சாமை என்று நம் மானாவாரிப் பயிர்களில் பையூர் என்ற பெயரோடே வந்த ரகங்கள் உண்டு. ஒரு ரகம் சும்மா வந்துவிடாது. கலப்பு செய்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நிலையத்தில் சோதித்து, பல ஊர்களில் சோதித்து, கடைசியாக விவசாயிகளின் நிலத்தில் விதைத்துப் பார்த்து வெளியிட ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகும். நடுவில் இரண்டு ஆண்டு மழை பொய்க்கும். அதையும் பார்த்துத்தான் வறட்சி தாங்கும் ரகத்தைப் பிரித்தெடுக்க முடியும். இந்த வேலைக்கு வேண்டிய பணம் கவர்ச்சியற்றது: வயலாள் கூலி, விதை சேமிப்பு அறைக்கு மின்சாரம், விலகிப்போன விஞ்ஞானியின் இடத்தில் உடனே இன்னொருவர். அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களில் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நூற்றில் 75 பங்கும் மாநிலம் 25 பங்கும் தருகின்றன. ஆண்டுதோறும் ஓசையில்லாமல் வரும் இந்தப் பணம் ஓராண்டு தடைப்பட்டால் ஏழெட்டு ஆண்டு உழைப்பின் தொடர்ச்சி அறுந்துபோகும்.

நிலையங்கள் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு மரவள்ளி மாவுப்பூச்சியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. விரைவிலேயே தமிழ்நாட்டின் மரவள்ளி வயல்களுக்குள் புகுந்தது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி போட்டவர்கள் நுனி சுருண்டு நின்ற செடிகளைப் பார்த்துக் கலங்கினார்கள். இதே பூச்சியை ஆப்பிரிக்காவில் 1980களிலேயே அடக்கியது அனகைரஸ் லோபெஸி என்ற சின்னஞ்சிறு குளவி. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் ஆராய்ச்சி நிலையம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து அதைத் தருவித்து, பாதுகாப்பானதுதானா என்று சோதித்துப் பெருக்கியது. 2022இல் நம் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் நிலையத்திலிருந்து விவசாயிகளுக்கு அது வழங்கப்பட்டது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. புழு உள்ளேயே தின்று வளர்கிறது. கடைசியில் பூச்சி பழுப்பு நிறக் கூடாக இறுகிப்போகிறது. இலையைத் திருப்பினால் அந்தக் கூடுகளை வெறுங்கண்ணால் பார்க்கலாம். விவசாயிக்கு மருந்துச் செலவு இல்லை. பூச்சி வந்த பிறகு விண்ணப்பம் போட்டு, குழு கூடி, நிதி ஒதுக்கி ஆள் எடுத்திருந்தால் எத்தனை பருவம் போயிருக்கும்?

மூன்றாவது வழி இப்போது தில்லியில் அதிகம் பேசப்படும் போட்டி நிதி. 2024-25 மத்திய பட்ஜெட், வேளாண் ஆராய்ச்சிக்குப் போட்டி முறையில், தனியாருக்கும் சேர்த்து, நிதி தரப்படும் என்று அறிவித்தது. ஆராய்ச்சிகளுக்கு நிதி தருவதற்கென்று 2023இல் சட்டம் இயற்றி உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மீதியில் பெரும்பகுதி தொழில்துறை போன்ற வெளி வழிகளிலிருந்து வர வேண்டும். நல்ல யோசனைக்குப் பணம் என்ற கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தக் கம்பெனி கொள்ளுக்குப் பணம் தரும்? தக்காளி வீரிய ஒட்டு விதையை விவசாயி பருவத்துக்குப் பருவம் வாங்கியாக வேண்டும். அதற்கு முதலீடு தானாக வரும். கொள்ளும் சாமையும் வீட்டில் எடுத்துவைத்த விதையிலேயே அடுத்த ஆண்டும் முளைக்கும். அதில் யாருக்கும் வியாபாரம் இல்லை. வியாபாரம் இல்லாத இடத்தில்தான் அரசுப் பணம் முதலில் நிற்க வேண்டும். மேலும் விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களோடு நாலைந்து விஞ்ஞானிகள் உள்ள ஊர்ப்புற நிலையத்தைப் போட்டியிட வைப்பது நியாயமில்லை.

நான்காவது, ஆராய்ச்சியைத் தாண்டி நேராகக் கருவிக்கு மானியம் தருவது. 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் வழங்க 1,261 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. விலையில் 80 விழுக்காடு, 8 லட்சம் வரை மானியம். பெண்கள் கையில் கருவி வருவது நல்லதுதான், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கிருஷ்ணகிரி மாந்தோப்பில் பூக்கும் காலத்துத் தத்துப்பூச்சி பூங்கொத்துக்குள்ளும் இலைக்கு அடியிலும் ஒளிந்திருக்கிறது. அடர்ந்த பெங்களூரா ரக மாமரத்துக்கு மேலிருந்து தெளித்தால் எவ்வளவு மருந்து உள்ளே போகும், எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பதை யாராவது இங்கேயே சோதித்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக்கான பணம் மானியத் தொகையில் சிறு துளிதான். தளியில் உள்ள இந்திய-இஸ்ரேல் கொய்மலர் மையம் போன்றவை செயல்விளக்கத்துக்குப் பயன்படும். மானாவாரிக்காரருக்கு அங்கே கற்க அதிகமில்லை.

எனவே என் வரிசை இது. முதலில் நிலையம்: காலியிடம் நிரப்பி, ஆண்டுதோறும் தடையின்றிப் பணம் தந்து பையூரைக் காப்பாற்ற வேண்டும். அடுத்து, நிலையத்தில் விளைந்ததை வயலுக்குக் கொண்டுபோக 2004 போன்ற திட்டம். இம்முறை மானாவாரிக்கு, மூன்றல்ல, ஆறேழு ஆண்டுகளுக்கு. தருமபுரி ரேஷன் கடைகளில் 2023 முதல் அரசே ராகி தருகிறது. எனவே ராகிக்கு அப்படியொரு திட்டம் வந்தால் விற்பனைக்கு வழி முன்பே இருக்கிறது. கருவி மானியத்தில் ஒரு பங்கை அந்தக் கருவியைச் சோதிக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கலாம். போட்டி நிதி கடைசியில் வரட்டும்.

மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் உரம், மின்சாரம், ஏரி ஆக்கிரமிப்பு பற்றி நாம் கேட்கிறோம். பையூரில் எத்தனை விஞ்ஞானிப் பணியிடம் காலி, இந்த ஆண்டுக்கான ஆராய்ச்சிப் பணம் எந்த மாதம் வந்தது என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்த கூட்டத்து மனுவில் எழுதிக் கொடுங்கள்.